முறுக்கில் அடங்கும் ஒளி

திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் கணக்குப் பார்க்க உதவும் சிறு கால்குலேட்டரின் சாம்பல் நிறத் திரையில் எழும் கரிய எண்கள், ஒளியை மின்சாரத்தால் ஆளும் கலையின் மிக எளிய, மிக அழகிய வடிவமாகும். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சில மைக்ரோமீட்டர் தடிமனில் பரவியுள்ள திரவப் படிகம், அதாவது திரவம்போல் ஒழுகினாலும் மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கி அணிவகுக்கும் பொருள், அம்மூலக்கூறுகளின் முறுக்கிய அடுக்கால் ஒளியின் அதிர்வுத் தளத்தை 90 பாகை திருப்பி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாளைக் கடக்கச் செய்கிறது. சில வோல்ட் மின்னழுத்தம் கிடைத்ததும் அந்த முறுக்கு அவிழ, ஒளி தடைபட்டு, எண்ணின் கோடு கறுத்துத் தெளிகிறது.

முறுக்கிய அமைப்பின் இவ்வாற்றலை, 1898-இலேயே கல்கத்தாவில் இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணல் கற்றைகளைக் கொண்டு மின்காந்த அலைகளின் அதிர்வுத் தளத்தைத் திருப்பி மெய்ப்பித்தார். பொருளின் வேதியியலோடு அதன் வடிவமைப்பும் அலையை ஆளும் என்னும் அவ்வுண்மையே, அலைநீளத்தினும் சிறிய கட்டமைப்புகளால் ஆன இன்றைய மெட்டாமெட்டீரியல்களுக்கு அடிப்படையாகும். அவற்றின்மீது திரவப் படிகத்தைப் பரப்பி, மின்னழுத்தத்தால் ஒளியின் போக்கை வேண்டியவாறு மாற்றும் ஆய்வுகளில், சணலின் முறுக்கும் கால்குலேட்டரின் எண்ணும் ஒரே அறிவு மரபாக இணைகின்றன. மலிவான பொருளில் அடங்கிய இந்நுண்மை பெரிதும் போற்றத்தக்கது.