முதுகு திரும்பும் பெஞ்சு

ஹாங்காங்கில் சிம் ஷா சுய் பகுதியிலிருந்து சென்ட்ரலுக்குக் கடலடியில் ரயிலே ஓடுகிறது. எனக்கென்னவோ ஸ்டார் ஃபெரிதான். 1888இல் தோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் தொடங்கிய படகுப் போக்குவரத்து. இந்தப் பெயர் வந்தது 1898இல்.

பச்சையும் வெள்ளையுமான படகுக்கு இரண்டு முனையும் முகம்தான். ஆகவே துறையில் அது திரும்புவதே இல்லை, வந்தபடியே கிளம்பிவிடும். திரும்ப வேண்டியது நம் பெஞ்சு மட்டும். மரப்பெஞ்சின் முதுகைப் பிடித்துத் தள்ளினால் 'டக்'கென்று மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். எத்தனை கைகள் பட்டு வழவழத்த மரம்! நட்சத்திர வடிவில் துளைகள் வேறு.

கரை நெருங்கும்போது, நீலச் சட்டை மாலுமி நீண்ட கொக்கிக் கம்பால் கயிற்றை எட்டிப் பிடிப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் கீழ்த்தளத்தில் உட்காருவேன்.