தோளேறிய சந்நிதி

மாட்டுப் பொங்கலையொட்டி காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்காக வாலாஜாபாத் வழியே பழைய சீவரம் மலைக்கு எழுந்தருள்கிறார். அவரைச் சுமக்கும் உரிமை ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கு மட்டுமே. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பவருக்கோ யாருடைய அனுமதியும் வேண்டாம். விரதம் இருந்தால் போதும், சந்நிதியே அவர் தோளுக்கு வந்துவிடும். இந்த நடமாடும் சந்நிதியை நேர்த்திக்கடனாக மட்டும் பார்த்துவிட்டு, கைவினையாக எடைபோட மறந்துவிட்டோம்.

மரக்காவடியின் அமைப்பைப் பாருங்கள். தோளில் படியும் தண்டு, மேலே அரைவட்ட வளைவு, இரு முனையிலும் சிற்பப் பலகை, மயிற்பீலிக் கொத்து, பால் செம்பு. இரு பக்க எடையும் ஒத்துப்போகாவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் தண்டு சரியும். வளைவு தலைக்கு மேலே எழுவதால் பார்வை மறைவதில்லை. ஆட்டக்காரர் கையை விட்டுவிட்டுக் கழுத்திலும் முதுகிலும் காவடியைச் சுழற்ற முடிகிறது என்றால், அதில் பாதிப் பெருமை தச்சருக்கு. அலங்காரம் முழுவதும் நடைக்குக் கட்டுப்பட்டது. அந்த நடையே சந்தமாகி, கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து வரை போயிற்று.

மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. அங்கே காவடி அலுமினியத்துக்கும் எஃகுக்கும் மாறி, இடுப்புப் பட்டையில் நிற்கும் கோபுரமாக வளர்ந்திருக்கிறது. ‘வெறும் ஆடம்பரம்’ என்று தள்ளுவது எளிது, ஆனால் நியாயமில்லை. பலர் அதைத் தாங்களே வடிவமைத்து, நண்பர்களோடு சேர்ந்து கட்டுகிறார்கள். பழனி அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் காவடிகளிலோ எடுப்பவரின் கைவண்ணம் துளியும் இல்லை. புதிது புனையும் துணிச்சலில் பத்துமலைதான் முந்துகிறது. ஆனால் சட்டகம் பெருத்து, சுமப்பவரின் முகமே தெரியாமல் போகும்போது, காவடி தேராகிவிடுகிறது. தேருக்கு ஆட்டம் வராது.

ஆகவே மரமா எஃகா என்பதல்ல கேள்வி. சுமப்பவரின் உடலுக்கு அடங்கி, அவரோடு ஆடுகிறதா என்பதும், அதில் கைவண்ணம் உண்டா என்பதுமே அளவுகோல். இதன்படி முதலிடம் எடை பார்த்துச் செதுக்கிய மரக்காவடிக்கு. அடுத்தது பத்துமலைக் கோபுரத்துக்கு. கடைசி இடம் வாடகைக் காவடிக்கு. அருங்காட்சியகச் சுவரில் மாட்டிய காவடியை இந்த வரிசையில் சேர்க்க முடியாது, அதற்குத் தோள் இல்லை. காவடியை ஆவணப்படுத்துவோர் பொருளோடு நிறுத்திவிடாமல் அதைச் செய்த தச்சரின் பெயரையும், அது ஆடும் ஆட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.