நாளாந்தச் செபமும் தமிழ் உரைநடையும்: ஒரு மதிப்பீடு

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கத்தோலிக்கச் செபநூல்களுக்கு மரியாதையாக ஒரு பந்தியை ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வது வழக்கமாகிவிட்டது. முதலில் அச்சேறியவை என்ற பெருமை அவற்றுக்குக் குறைவின்றி வழங்கப்படுகின்றது. எழுத்து என்ற வகையில் அவை எத்தகையன, அவற்றை நாள்தோறும் கேட்ட மக்களுக்கு அவை எதனைச் செய்தன என்னும் வினாக்களோ எழுப்பப்படுவது அரிது. சமயத்தவர் இந்நூல்களைப் பக்தியோடு மூடிவைக்க, திறனாய்வாளர் அவற்றைத் திறவாமலே விட்டுவிட்டனர் எனலாம்.

நாளாந்தச் செபநூலின் உருவம் எளியது. ஒரு வேதவாக்கியம், அன்றைய புனிதரின் வரலாறு, அவை பற்றிய சிறு சிந்தனை, இறுதியில் ஒரு மன்றாட்டு என்பனவே அதன் உறுப்புகள். ஆயின் இவ்வெளிய உருவம் எழுதுபவனிடம் கோருவது எளியதன்று. நாவலைப் பெரும்பாலோர் ஒருமுறையே வாசிப்பர். செபநூலின் ஒரு பக்கமோ ஆண்டுதோறும் அதே நாளில் திரும்பி வருகின்றது. அறுபது வயதை எட்டிய ஒருவர் அதனை நாற்பது முறையேனும் கேட்டிருத்தல் கூடும். நாற்பதாவது முறையும் உயிரோடிருக்கும் உரைநடை எது என்பதே இவ்வகை எழுத்தினை மதிப்பிடுதற்குரிய அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து முதலில் எதிர்ப்படுவது, அண்டிறிக்கு அடிகள் என வழங்கப்படும் என்றிக்கே என்றீக்கசின் அடியார் வரலாறாகும். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும் 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்ட இப்போர்த்துக்கேய இயேசு சபைக் குரு, 1586இல் 600க்கு மேற்பட்ட பக்கங்களில் 'புளோஸ் சாங்தோரும்' என்னும் பெயரால் இந்நூலை வெளியிட்டார். முன்னைய இரண்டும் மறைக்கல்விச் சிறுநூல்கள். இதுவோ திருநாள்களையும் புனிதர்களின் வாழ்க்கையையும் கதையாகச் சொல்லும் பெருநூல். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய இத்தகைய ஆரம்ப அச்சு நூல்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இராசமாணிக்கம் அடிகள் 1967இல் அடியார் வரலாற்றினை மீண்டும் பதிப்பித்தார். நூல் கைக்கெட்டிய பின்னரும் அதன் அச்சுத் தொன்மையே பேசப்படுவது வியப்புக்குரியது.

அடியார் வரலாற்றின் சிறப்பு அதன் மொழித் தெரிவிலேயே தொடங்குகின்றது. கற்றோர் போற்றிய செய்யுளை விடுத்து, முத்துக்குளித்துறைப் பரதவரின் பேச்சு வழக்கினைத் தழுவி, போர்த்துக்கேய, இலத்தீன் சொற்களையும் கலந்து ஆசிரியர் எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, ஏனையோர் கேட்பதற்கு ஏற்ற நடை அது. தமிழில் விவிலியம் அச்சேறாத காலமாகையால், அம்மக்கள் வேதத்தின் சாரத்தைப் புனிதர் கதையினூடாகவே பெற்றனர். குறைகளும் இல்லாமலில்லை. இவ்வகை நூல்களுக்கு மூலமான ஐரோப்பிய மரபில் அற்புதங்கள் மலிந்து கிடக்கின்றன. புனிதர் பிறந்த நாள் முதலே புனிதராயிருக்கின்றனர். எனினும் கேட்பவன் முன் ஒரு மனிதன் நிறுத்தப்படுகின்றான். அவனுக்கு ஊர் உண்டு, பகை உண்டு, சாவு உண்டு. பொது அறிவுரை அங்கே தனித்து நிற்பதில்லை.

ஈழத்தில் இம்மரபு வேறொரு நெருக்கடியினூடாக வளர்ந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருக்கள் அரிதாகிய அக்காலத்தில் மனப்பாடமான செபமும் வாசிக்கப்படும் ஏடும் சமூகத்தைத் தாங்க வேண்டியிருந்தன. 1705இல் கோவாவிலிருந்து வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தமைக்கு இத்தேவையே முதற் காரணம். அவருடைய வியாகுல பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிப்பது. தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருவது. வடசொற்கள் மிகுந்த அதன் நடை இன்றைய மாணவனைத் தடுக்கக்கூடும். ஆனால் அது துயரத்துக்கு விளக்கம் கூற விரைவதில்லை. அழுவதற்கு வேண்டிய நேரத்தை அது தருகின்றது. ஒப்பாரிக்குப் பழகிய செவி அதனைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டமை தற்செயலன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத்திரட்டு இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. 1969இன் வாசக ஒழுங்கு ஞாயிறுகளுக்கு மூவாண்டுச் சுற்றினையும், வாரநாள்களின் முதல் வாசகத்துக்கு ஈராண்டுச் சுற்றினையும் வகுத்தது. புனிதர் நாட்காட்டியும் அதே ஆண்டு சுருக்கப்பட்டது. புனிதர் கதையினூடாக வேதத்தைக் கேட்டவர்கள் இப்போது வேதத்தையே நேரிற் கேட்கலாயினர். சர்வேசுரன் இறைவனாகவும், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியாகவும், அர்ச்சியசிஷ்டர் புனிதராகவும் மாறினர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு இப்போக்கினை உறுதிப்படுத்தியது. பழைய சொற்களுக்காக ஏங்குவோரின் உணர்வு மதிக்கத்தக்கதே. விளங்காமல் ஓதப்பட்ட செபத்தைப் பொற்காலமாக்குவது திறனாய்வாகாது. விளக்கம் கிடைத்தமை உண்மையான பேறேயாகும்.

ஆயின் இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. இன்றைய நாளாந்தச் சிந்தனைகள் பலவற்றில் வாசகத்தின் ஒரு வரி மட்டும் வெட்டியெடுக்கப்படுகின்றது. அதன் கீழே அன்பு, பொறுமை, நம்பிக்கை பற்றிய மூன்று வாக்கியங்கள் இடப்படுகின்றன. இவற்றைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. மேலுள்ள வேதவாக்கியத்தை நீக்கி வேறொன்றை வைத்தாலும் சிந்தனை அப்படியே பொருந்துமாயின், அது அவ்வாக்கியத்திலிருந்து பிறந்ததன்று.

புனிதருக்கும் இச்சோதனை பொருந்தும். லிசியூ நகர்த் தெரேசாள் மலர்களுக்கும் குழந்தையுள்ளத்துக்கும் உரியவராகவே ஒக்டோபர் முதலாந் திகதி நினைக்கப்படுகின்றார். 1897இல் இறப்பதற்கு முந்திய பதினெட்டு மாதங்கள் விண்ணுலகம் உண்டென்ற எண்ணமே இருண்டுபோயிருந்ததை அவர் தாமே எழுதியுள்ளார். 1898இல் அவருடைய தன்வரலாறு சகோதரியாரால் திருத்தப்பட்டே வெளிவந்தது. கையெழுத்துப்படியின் உள்ளபடியான வடிவம் 1956இலேயே அச்சாயிற்று. திருத்தப்பட்ட தெரேசாள் இனிமையானவர். திருத்தப்படாதவரோ இருளில் செபிப்பவனுக்குத் துணையாகக் கூடியவர்.

திருச்சபையின் கட்டளைச் செபத்திலும் இவ்விருபோக்குகளையும் காணலாம். சங்கத்தின் பின் சீர்திருத்தப்பட்டபோது, பகைவரைச் சபிக்கும் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் நீக்கப்பட்டன. ஆனால் ஆறுதலின்றி இருளிலேயே முடிவடையும் 88ஆம் திருப்பாடல் வெள்ளி இரவுச் செபத்தில் நிலைபெற்றுள்ளது. வாரந்தோறும் ஓரிரவு, விடை கிடையாத மன்றாட்டோடு உறங்கச் செல்லுமாறு அது பணிக்கின்றது. இவ்வளவு துணிவு நம் சிந்தனைப் பக்கங்களிற் காணப்படுவது அரிது.

இது வெறும் நடைபற்றிய பிரச்சினையன்று. 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் மாண்டனர். அத்தகைய நாளின் மறுநாளும் செபநூலில் ஒரு பக்கம் இருக்கின்றது. யாரோ ஒருவர் அதனை விரித்து வாசிக்கின்றார். துன்பம் யாவும் நன்மைக்கே என்று அப்பக்கம் கூறுமாயின் அதைக் கேட்கும் தாய் புத்தகத்தை மூடிவிடுவாள். மகனின் பிணத்தை மடியிற் கிடத்தியிருந்த மற்றொரு தாயை அது அவளுக்குக் காட்டுமாயின், அவள் மேலும் ஒரு பக்கம் கேட்கக்கூடும்.

எனவே நாளாந்தச் செபநூல் பழைய சொற்களுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அது திரும்பவேண்டியது பழைய நூல்களின் திண்மைக்கே. பெயருள்ள மனிதருக்கும், வெட்டப்படாத வாசகத்துக்கும், அவசரப்படாத துயரத்துக்குமே. என்றீக்கசு கரையோர மக்களின் செவியை அறிந்து எழுதினார். கொன்சால்வேஸ் குருவில்லாக் கோவிலின் மௌனத்தை அறிந்து எழுதினார். இன்று எழுதுவோர் தம் வாசகர் நேற்று எதனை இழந்தனர் என்பதை அறிந்து எழுதுவராயின், நாற்பதாவது முறையும் வாசிக்கத்தக்க பக்கங்கள் தமிழுக்கு மீண்டும் கிடைக்கும்.