செத்த மீன்

அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை டெலிவிஷனில் குழந்தைகளோடு பேசிவந்தவர் ஃபிரெட் ராஜர்ஸ். 2003 பிப்ரவரி 27-ஆம் தேதி, பிட்ஸ்பர்க் நகரில், தமது 74-ஆம் வயதில் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1970-ல் அவர் காட்டிய ஒரு செத்த மீன்தான்.

தொட்டியின் அடியில் ஒரு மீன் அசையாமல் கிடக்கிறது. எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார். பிழைக்கவில்லை. காகிதத்தில் சுற்றி, வெளியே குழி தோண்டிப் புதைக்கிறார். சிறு வயதில் தாம் வளர்த்த நாய் செத்துப் போனதைச் சொல்கிறார். அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் பாதிரியார்ப் பட்டம் பெற்றவர். ஒரு சின்னப் பிரசங்கம்கூடச் செய்யவில்லை!

அவர் பேச்சு ரொம்ப மந்தம் என்பார்கள். மந்தம்தான். பொம்மைகளுக்கு அவர் கொடுத்த குரல்களும் எனக்கு ரசிக்கவில்லை. ஆனால் என் நாவல்களில் நான் எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறேன்! ஆளுக்கு நாலு பக்கம் ஒப்பாரி. வாசகர் உடனே அழுதாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அந்த மனிதரோ குழியை மூடிவிட்டுச் சும்மா இருக்கிறார்.

கண் தெரியாத சிறுமி ஒருத்தி, மீன்களுக்கு இரை போட்டீர்களா இல்லையா என்று தெரியாமல் கவலைப்படுவதாக அவருக்கு எழுதினாளாம். அதிலிருந்து, "மீனுக்கு இரை போடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் போட ஆரம்பித்தார். பார்வையுள்ள மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் அது வேண்டாத வாக்கியம். என் கையில் கொடுத்திருந்தால், அதைத்தான் முதலில் அடித்திருப்பேன்.