பொம்மைகளும் பயணிகளும்

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களை ஆளே இல்லாமல் எடுப்பதுதான் தமிழ் ஒளிப்படக் கலையின் புதிய திசை என்று இப்போது பேசப்படுகிறது. தூண்களின் வரிசை, நகரும் படிகளின் கோடுகள், நடைமேடைக் கண்ணாடிக் கதவுகளில் மின்னும் விளக்குகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நிலத்தடிப் படங்களின் வரலாற்றில் இது முன்னேற்றம் அல்ல, பின்வாங்கல்.

1860களின் தொடக்கத்தில் மின்விளக்கோடு பாரிஸின் எலும்புச் சுரங்கங்களில் இறங்கினார் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் நதார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம்வரை ஆனதால், தொழிலாளி நிற்க வேண்டிய இடத்தில் உடுப்பு மாட்டிய பொம்மையை நிறுத்தினார். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது. இருந்தும் ஷட்டரை வேண்டுமென்றே நீளத் திறந்துவைத்து, நடந்து போகிறவர்களைக் கரைத்துவிடுகிறோம்.

இடையில் எவ்வளவோ நடந்திருக்கிறது. 1938 முதல் 1941 வரை வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயிலில் மேல்கோட்டுப் பொத்தான்களுக்கிடையே கேமராவை ஒளித்து, எதிரில் அமர்ந்தவர்களை எடுத்தார். ஃபிளாஷ் கிடையாது, கோணம் தேர்ந்தெடுக்கும் வசதியும் கிடையாது. யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நம்பும்போது ஒரு முகம் எப்படித் தளர்கிறது என்பதை அந்தப் படங்கள்போல வேறெதுவும் காட்டியதில்லை. கேட்காமல் எடுத்த உறுத்தல் அவருக்கும் இருந்திருக்கலாம். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தது 1966-ல்தான். 1980-ல் புரூஸ் டேவிட்சன் அதே ரயிலுக்கு வண்ணத்தையும் ஃபிளாஷையும் கொண்டுபோனார். முரட்டுப் படங்கள், ஆனால் உயிருள்ளவை. நம் ரகு ராய் 1995-ல் மும்பை சர்ச்கேட்டில் மெதுவான ஷட்டரைத்தான் பயன்படுத்தினார். கூட்டம் புகையாக ஓட, செய்தித்தாள் படிப்பவர் மட்டும் அசையாமல் தெரிகிறார். அதே உத்தி அங்கே மனிதனை அழிக்கவில்லை, நிறுத்திக் காட்டுகிறது.

உழைக்கும் மனிதர் படத்திலிருந்து விடுபடுவது தூத்துக்குடிக்காரர்களுக்குப் பழக்கமானது. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, பற்றி நான் பார்த்த காலனியக் காலப் படங்களில் தோணிகள் உண்டு, சிப்பிக் குவியல்கள் உண்டு. மூச்சைப் பிடித்துக் கடலடிச் சிப்பிப் பாருக்கு இறங்கியவர்கள்கூட உண்டு. அவர்கள் பெயர் இல்லை. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் சலாபமே நடக்கவில்லை. அந்தப் பெயர்களை இனி எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது.

இதே மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் பாரதிநகரில், கடற்பாசி எடுக்கும் பெண்களோடு கடலுக்குப் போனவர் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியை அவர் படங்களில் பார்க்கலாம். அந்தப் பெண்களுக்குப் பெயர் உண்டு, குரல் உண்டு. தமிழ் ஒளிப்படத்தின் புதிய திசை எது என்று கேட்டால் நான் இதையே காட்டுவேன்.

சுரங்கத்துக்கும் இது பொருந்தும். சென்னையில் முதல் சுரங்க மெட்ரோ பாதை திறந்தது 2017 மே 14-ல்தான்; இங்குள்ள முகங்களை இன்னும் எடுக்க முடியும். கடைசி ரயில் போனபின் மண்ணடி நிலையத்தைத் துடைக்கிறவர்களை, அவர்கள் சம்மதத்தோடும் பெயரோடும், ஒரு தொடராக எடுக்க வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டுகிறவர்களையும் எடுக்க வேண்டும், அவர்கள் வேலை முடிந்து ஊர் திரும்புவதற்குள்.