பதிப்புப் பணியும் பெண் குரலும்

இலக்கியத்தின் சமுதாயப் பயனைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். எழுத்தாளன் எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறான், அவன் படைப்பின் உள்ளடக்கம் யாது, உருவம் யாது என்றெல்லாம் விவாதித்திருக்கிறோம். ஆனால், எந்த எழுத்து அச்சேறுகிறது, எது கையெழுத்துப் பிரதியாகவே மடிந்துபோகிறது என்னும் வினாக்களை அத்துணைக் கருத்தோடு ஆராய்ந்தோமில்லை. அச்சுக்கூடத்தின் வாயிலில் நின்று தெரிவு செய்பவர் யார் என்பதும் இலக்கிய விமர்சனத்துக்குரிய பொருளே. மட்டக்களப்பில் ஊன்றி நின்று இயங்கிய சித்திரலேகா மௌனகுருவின் பதிப்புப் பணியை இந்நோக்கில் மதிப்பிடுவது பயனுடையது.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் பாட்டுக்கும் கூத்துக்கும் பேர்போனவை. ஆயினும், நூல் வெளியீட்டைப் பொறுத்தவரை இப்பிரதேசம் நெடுங்காலம் பிறர் கையை எதிர்பார்த்தே நின்றது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் தமிழகத்தில் வந்தது. வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் யாழ்ப்பாணத்து வெளியீட்டு மன்றமொன்றின் வாயிலாக வந்தது. பேரறிஞர்களின் நிலையே இதுவாயின், பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் படைத்தவர்கள் பெண்கள். ஏட்டில் பெயர் பெற்றவர்களோ பெரும்பாலும் அவற்றைத் தொகுத்த ஆடவர்கள்.

பெண்கள் அச்சுத் துறையில் முயலாமலும் இல்லை. 1920களிலேயே யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்னும் இதழை நடத்தினார். ஆனால், ஈழத்து இலக்கிய வரலாறு கற்கும் நம் மாணவருள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்? எழுதுவது ஒருபுறமிருக்க, எழுதியதைக் காப்பதற்கும் பரப்புவதற்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

சித்திரலேகா, மௌனகுருவோடும் எம். ஏ. நுஃமானோடும் இணைந்து 1979இல் ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ என்ற நூலை எழுதினார். இலக்கிய வரலாற்றை எழுதியவரே அதன் விடுபடல்களை நிரப்பவும் முற்பட்டார் எனலாம். 1986இல் யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டத்தின் வெளியீடாக வந்த ‘சொல்லாத சேதிகள்’ பத்துப் பெண்களின் கவிதைகளை ஒருசேரத் தந்தது. இன விடுதலை ஒன்றே பேச்சாயிருந்த காலம் அது. வீட்டினுள் நிகழும் ஒடுக்குமுறையைப் பேசுவது போராட்டத்தைத் திசைதிருப்புவதாகும் என்று பலர் கருதினர். வெளியே துப்பாக்கியும் உள்ளே சீதனமும் ஒரே பெண்ணைத்தான் நெருக்குகின்றன என்ற உண்மையை அச்சிறு தொகுதி நிலைநாட்டிற்று. தனித்தனியே சிதறிக் கிடந்திருப்பின் உதிரிப் புலம்பல்களாக ஒதுக்கப்பட்டிருக்கக்கூடியவை, ஒன்றுசேர்ந்தபோது ஒரு தலைமுறையின் குரலாயின. தொகுப்பாசிரியரின் திறனாய்வு இவ்வாறு செயலில் விளங்கியது.

அத்தொகுதியின் கவிஞர்களுள் ஒருவரான சிவரமணி, 1991இல் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சியவை சித்திரலேகாவின் முன்னுரையோடு நூலாயின. எரிந்தவை போக மிஞ்சியதைக் காப்பது ஓர் அரசியற் கடமை என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

கிழக்கின் நிலையோ மேலும் கொடியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரே பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். பின்னாளில் சித்திரலேகா பேராசிரியராகப் பணியாற்றியது அப்பல்கலைக்கழகத்திலேதான். இடம்பெயர்ந்த பெண்களின் துயர் துடைக்கும் முயற்சியாக எழுந்து, மட்டக்களப்பில் நிலைகொண்ட சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் ‘பெண்’ என்ற இதழையும் நூல்களையும் வெளியிட்டது. நிவாரணமும் சட்ட உதவியும் தேடி வரும் பெண்ணுக்கு எழுத்தும் ஓர் உரிமை என்ற கொள்கை இதில் அடங்கியுள்ளது. சித்திரலேகாவைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 1999இல் சூரியா வெளியிட்ட ‘உயிர்வெளி’ பெண்களின் காதற் கவிதைகளைக் கொண்டது. போர்க்காலத்தில் காதற் கவிதையா என்று முற்போக்காளர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தாயாகவும் விதவையாகவும் அழுவதற்கு மட்டுமே பெண்ணை அனுமதித்த ஒரு சமுதாயத்தில், அவள் தன் விருப்பத்தைத் தன் வாயாற் கூறுவது சிறு செயலன்று. இப்பதிப்புகளுள் மிகத் துணிவானது இதுவே என்பது எமது முடிபு.

இனி, குறையையும் கூற வேண்டும். ‘சொல்லாத சேதிகள்’ திரட்டிய குரல்கள் பெரும்பாலும் கற்ற மத்தியதர வர்க்கத்தின் குரல்கள். படுவான்கரையில் வயலறுக்கும் பெண்ணும், வாவிக்கரையில் மீன் விற்கும் பெண்ணும், காத்தான்குடியில் கைத்தறி நெய்யும் பெண்ணும் எழுத்துக்குப் பொருளாவதோடு நில்லாமல் எழுத்துக்கு உரியவர்களாகவும் ஆதல் வேண்டும்.

இஃது இயலாத காரியமன்று. இந்தியாவில் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் காளி ஃபார் விமன் என்ற பெண்கள் பதிப்பகத்தைத் தொடங்கினர். ராஜஸ்தான் கிராமப் பெண்கள் எழுபத்தைவர் கூடி உருவாக்கிய, உடலைப் பற்றிய நூலொன்றை அப்பதிப்பகம் 1989இல் வெளியிட்டது. வரைவிலிருந்த உடற்படங்களைக் கண்ட கிராமத்தவர், தாம் ஆடையின்றி எவரையும் காண்பதில்லை, ஆதலால் படங்கள் மெய்யல்ல என்றனர். ஆடை உடுத்த உருவத்தின் மேல் தாளொன்றைத் தூக்கினால் உள்ளுறுப்பு தெரியுமாறு படங்கள் மாற்றப்பட்டன. குறைந்த விலையில் அந்நூல் கிராமந்தோறும் சென்றது. உழைக்கும் பெண்கள் அங்கே வாசகராகவும், ஆசிரியராகவும், திருத்துநராகவும் ஒருங்கே விளங்கினர்.

நம் பதிப்பு முயற்சிகளின் அடுத்த படி இதுவாதல் வேண்டும். சந்தையை மட்டும் நம்பும் பதிப்பகம் விலைபோகும் நூலையே நாடும். நன்கொடையை மட்டும் நம்புவது நன்கொடை நின்றதும் ஓயும். நிலையான துணை வாசகரே. ஆசிரியர்கள் இந்நூல்களை வகுப்பறைக்குக் கொணர்க. நூலகங்கள் மறுபதிப்புக் கோருக. மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது தம் பாட்டிமாரின் பாடல்களைப் பாடியவர் பெயரோடு எழுதிவருக. பெயரோடு என்பதை வற்புறுத்துகிறோம். நாட்டார் பாடல் என்ற பொதுப்பெயரின் கீழ் எத்தனையோ பெண்கள் பெயரின்றிப் போயினர்.