பாஸ்பிண்டரும் பிழையான ஜேர்மனும்

ரெய்னர் வேர்னர் பாஸ்பிண்டர் (1945–1982) பற்றி எம்மவர் எழுதும்போது போதைப்பழக்கமும் 37 வயதில் நேர்ந்த மரணமும் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களும்தான் முதலில் வருகின்றன. தொலைக்காட்சிக்கு அவர் செய்தவை அடிக்குறிப்பாகிவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

கொலோனிலுள்ள மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சி நிலையத்துக்காக 1972-73இல் அவர் நெறியாண்ட தொடர் 'எட்டு மணித்தியாலம் ஒரு நாளல்ல'. கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றின் தொழிலாளரே கதைமாந்தர். எட்டுப் பகுதிகள் திட்டமிடப்பட்டு ஐந்துடன் நிறுத்தப்பட்டது. தொழிலாளர் இவ்வளவு தெளிவாகப் பேசுவார்களா, தொழிற்சங்கம் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலாவதைக் கேட்டவர்கள் இடைவேளை நேரத்தில் ஒரு தொழிற்சாலைக்குள் இருந்திருக்கமாட்டார்கள். வேலையை இலகுவாக்க யோகென் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். நிர்வாகம் அதையே சாட்டாக வைத்து ஊக்கக் கொடுப்பனவை வெட்டுகிறது. உபரி மதிப்புப் பற்றி நான் ஒரு தவணை முழுக்க விரிவுரை செய்தது இந்த ஒரு நிகழ்வுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அங்கே பேசுபவர்கள் ஜேர்மனியர். குழுவில் ஓர் இத்தாலியர் இருக்கிறார், கதை அவருடையதல்ல.

வெளிநாட்டவன் நடுவே வருவது 1974இல் வெளிவந்த திரைப்படத்தில். மொரோக்கோத் தொழிலாளி அலியும் அறுபதை எட்டிய துப்புரவுத் தொழிலாளி எம்மியும் மணம் செய்கிறார்கள். படத்தின் ஜேர்மன் தலைப்பு அலி பேசும் பிழையான வாக்கியம். 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' என்று நாம் அதைச் சுத்தத் தமிழில் எழுதிவிடுகிறோம். 'பயம் ஆன்மாவைத் தின்கின்றன' என்பதே சரி. மேற்பார்வையாளரிடம் நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

அயலவரின் வெறுப்புத் தணிந்தபின் எம்மியே அவனது தசைகளைத் தோழிகளுக்குத் தொட்டுக் காட்டுகிறாள். குஸ்குஸ் சமைக்க மறுக்கிறாள். புதிதாக வந்த யூகோஸ்லாவியப் பெண்ணைச் சக தொழிலாளிகள் ஒதுக்கும்போது தானும் சேர்ந்துகொள்கிறாள். ஒடுக்கப்பட்டவர் நல்லவராகவே இருப்பார் என்ற வசதியான நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. பின்னால் வந்த அகதிகளைப் பற்றி எமது வீடுகளில் நடக்கும் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதுமல்ல.

எனினும் எனக்கொரு மனக்குறை உண்டு. அத்தோழிகள் அலியைப் பார்ப்பதுபோலவே பல இடங்களில் கமெராவும் அவனது உடலைப் பார்க்கிறது. கடைசியில் வயிற்றுப்புண்ணால் சரிந்து விழுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இது அடிக்கடி வருவது, ஆறு மாதத்தில் திரும்ப வருவான் என்கிறார் டொக்டர். அது பொய்யல்ல. ஆனால் யோகெனுக்கு நிர்வாகத்துடன் வாதாட ஐந்து பகுதிகள் கொடுத்தவர், அலியையும் அந்த மேசையில் இருத்தி ஊக்கக் கொடுப்பனவு பற்றிப் பேசவைக்கவில்லை, பிழையான ஜேர்மனிலாவது.